ஐந்து நொடிகளின் நீதி



நகரத்தில் வாழ்வோர் நாள்தோறும் பெறுகின்ற பொருள்களுள் எவரும் விலை பேசாத, எவரும் எடைபோட்டுப் பார்க்காத பொருள் ஒன்று உண்டு. நாற்சந்தியில் எரிகின்ற பச்சை விளக்கே அது. சிவப்பு எரிந்தால் நிற்கிறோம். பச்சை எரிந்தால் நடக்கிறோம். வெயிலையும் மழையையும் ஏற்பதுபோல் அதனையும் ஏற்றுக்கொள்கிறோம். ஆயினும் மழை இத்தனை நேரம் பெய்ய வேண்டும் என்று எந்த அலுவலகத்திலும் எவரும் கையெழுத்திடுவதில்லை. பச்சை விளக்கு இத்தனை நொடி எரிய வேண்டும் என்பதையோ யாரோ ஒருவர், எங்கோ ஓர் அறையில் அமர்ந்து தீர்மானித்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. நம் வாழ்நாளில் எத்தனையோ மணி நேரம் அவர் கையில் இருந்திருக்கிறது.

ஒரு சந்திப்பின் விளக்குகள் ஒரு சுற்று முடிய 90 நொடி ஆகின்றது என்று வைத்துக்கொள்வோம். அந்த 90 நொடிதான் பங்கிடுவதற்கு உள்ள மொத்தச் சொத்து. நெடுஞ்சாலையில் வருவோருக்கு ஒரு பங்கு. குறுக்குச் சாலையில் வருவோருக்கு ஒரு பங்கு. நடந்து கடப்போருக்கு ஒரு பங்கு. ஒருவருக்கு ஒரு நொடி கூட்டினால் மற்றொருவருக்கு ஒரு நொடி குறையும். சுற்றையே நீட்டினாலோ, எல்லோரும் கூடுதலாகக் காத்திருக்க நேரிடும். குருமடத்தில் பயின்ற நாள்களில், புனித தாமஸ் அக்குவினாசின் வழிநின்று, கொடுக்கல் வாங்கலில் நிலவ வேண்டிய நீதியையும், பொதுச் சொத்தைப் பலருக்கும் பிரித்தளிப்பதில் நிலவ வேண்டிய பங்கீட்டு நீதியையும் வேறுபடுத்திக் கற்றோம். பங்கீட்டு நீதி என்றதும் நிலமும் தானியமும் பதவியுமே அன்று நம் நினைவுக்கு வந்தன. நொடிகளும் அவ்வாறே பிரித்தளிக்கப்படும் பொதுச் சொத்து என்பதை நமக்கு விளங்க வைத்தது ஒரு சாலை.

2016ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், விடுப்பில் சென்ற பங்குத் தந்தை ஒருவருக்குப் பதிலாகப் பணியாற்ற நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதிக்குச் சென்றிருந்தோம். நாம் தங்கிய இல்லத்திலிருந்து சற்று தூரம் நடந்தால் குயின்ஸ் பொலிவார்டு என்னும் பெருஞ்சாலை. 1909இல் திறக்கப்பட்ட குயின்ஸ்பரோ பாலத்தின் அருகே தொடங்கி ஜமைக்கா என்னும் பகுதி வரை ஏறத்தாழ 7 மைல் நீளுகின்றது. சில இடங்களில் 12 தடங்கள். நடுவே விரைந்து செல்வோருக்கான தடங்கள். இருபுறமும் மெதுவாகச் செல்வோருக்கான தடங்கள். இடையிடையே ஒடுங்கிய திட்டுகள். பெயரளவில் அது ஒரு தெரு. கண்ணுக்கு ஓர் ஆறு போலவே தோன்றியது. ஆற்றின் இக்கரையில் ஆலயமும் மருந்துக்கடையும். அக்கரையில் முதியவர்கள் வாழும் அடுக்குமாடிகள்.

அச்சாலைக்கு நகரத்தின் செய்தித்தாள்கள் இட்ட பெயர் ‘மரணப் பெருஞ்சாலை’. 1997ஆம் ஆண்டில் மட்டும் அதனைக் கடக்க முயன்ற 18 பாதசாரிகள் வாகனங்களில் அடிபட்டு இறந்தார்கள். 1990 முதல் 2014 வரை அச்சாலையில் மாண்டோர் 186 பேர் என்றும், அவர்களுள் 138 பேர் நடந்து சென்றவர்கள் என்றும் நகர நிர்வாகமே கணக்கு வெளியிட்டது. போர் நிகழாத ஊரில், ஒரே தெருவில், நடந்து சென்ற குற்றத்திற்காக 138 உயிர்கள்!

ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம்முடன் உரையாடி நிற்கும் மூதாட்டி ஒருவர் இருந்தார். எண்பதைக் கடந்தவர், அக்கரையில் வாழ்பவர். அவர் ஒருநாள் சொன்னார்: “ஃபாதர், மற்றவர்களுக்கு ஒரு பச்சை போதும். எனக்கு இரண்டு பச்சை வேண்டும். முதல் பச்சையில் நடுத்திட்டு வரை வருவேன். அங்கே நின்றுகொள்வேன். முன்னாலும் கார், பின்னாலும் கார். அடுத்த பச்சை வரும்வரை செபமாலையில் ஒரு பத்துமணி சொல்லி முடித்துவிடலாம்.” இதனை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சனவரி மாதத்தில் பனிக்காற்று வீசும்போது அந்தத் திட்டில் நிற்க இயலாமல், மூன்று மாதம் ஆலயத்திற்கு வருவதையே விட்டுவிடுவதாகவும் சொன்னார். இறந்தோர் கணக்கில் அவர் இல்லை. காயமுற்றோர் கணக்கிலும் இல்லை. ஆனாலும் ஆண்டில் மூன்று மாதங்களை அச்சாலை அவரிடமிருந்து பறித்துக்கொண்டது.

அதே பங்கில் மற்றொருவரையும் சந்தித்தோம். வேறொரு பெருநகரத்தின் போக்குவரத்துத் துறையில் சாலை இயக்கப் பிரிவுக்குத் தலைமை வகித்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டில் தங்கியிருந்தார். எந்த நகரம் என்பதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. மூதாட்டியின் ‘இரண்டு பச்சை’யை அவரிடம் சொன்னபோது, அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கணக்கிடத் தொடங்கினார். அக்கணக்கை வாசகர்களும் அறிய வேண்டும்.

அமெரிக்கப் பொறியாளர்கள் நெடுங்காலமாக, மனிதர் ஒருவர் நொடிக்கு 4 அடி நடப்பார் என்று வைத்துக்கொண்டே சிக்னல் விளக்கின் நேரத்தைக் கணக்கிட்டு வந்தார்கள். 150 அடி அகலமுள்ள சாலையைக் கடக்க அவ்வாறெனில் 37 நொடிக்குச் சற்று மேல் போதும். முதியோரும் ஊன்றுகோல் பிடித்தோரும் அவ்வளவு விரைவாக நடப்பதில்லை என்பது கண்டறியப்பட்டு, 2009இல் வெளியான தேசிய வழிகாட்டு நூலில் அந்த எண் 3½ அடியாகக் குறைக்கப்பட்டது. அரையடிதான் வேறுபாடு. ஆனால் அந்த அரையடியால் அதே சாலையைக் கடக்கக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 43 நொடியாகிறது. ஐந்து நொடிக்கு மேல் கூடுகிறது. நொடிக்கு 3 அடி என்று எண்ணினால் 50 நொடி. “ஃபாதர், எங்கள் நூலில் அச்சிடப்பட்டிருந்த ஓர் எண்தான், யார் மனிதர், யார் மனிதரில் சேராதவர் என்பதைத் தீர்மானித்தது” என்றார் அவர்.

அப்படியானால் எல்லாச் சந்திப்புகளிலும் ஐந்து நொடியைக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்டோம். தாளைத் திருப்பி மறுபக்கத்தில் எழுதினார். பச்சை எரியும்போது ஒரு தடத்தில் ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒரு கார் கடக்கும். மூன்று தடங்களில் ஐந்து நொடியைக் குறைத்தால் ஒரு சுற்றுக்கு ஏழு கார்கள் கடக்காமல் நிற்கும். சுற்று இரண்டு நிமிடம் என்றால் மணிக்கு 30 சுற்று. ஆக 200 கார்களுக்கு மேல் பின்தங்கும். அத்துடன் முடிவதில்லை. நெடுஞ்சாலையின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாகும்படி ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கும். குறிப்பிட்ட வேகத்தில் செல்லும் வாகனக் கூட்டம் நில்லாமல் செல்வதற்கான ‘பச்சை அலை’ அது. ஒரு சந்திப்பில் கை வைத்தால் அந்த அலை பல சந்திப்புகளுக்கு உடைந்து போகும். நிற்பவை கார்கள் மட்டுமல்ல. பேருந்துகளும் நிற்கும். இரவுப் பணி முடித்த செவிலியரும், விடியலில் அலுவலகங்களைத் துடைக்கச் செல்லும் பெண்களும் அப்பேருந்துகளில் இருப்பார்கள். சாலையில் அமர்ந்திருப்போர் எல்லாரும் செல்வர். நடப்போர் எல்லாரும் ஏழையர் என்று எளிதாகக் கோடு கிழித்துவிட இயலாது.

இங்குதான் இப்பணியின் பாரம் விளங்குகிறது. பெருநகரத்தின் சாலை இயக்கத்திற்குத் தலைமை தாங்குபவர், ஒரே சமயத்தில் இருவருக்குப் பணிசெய்யக் கடமைப்பட்டவர். விரைவாகச் செல்ல விரும்புவோருக்கும் அவரே பொறுப்பு. விரைவாகச் செல்ல இயலாதோருக்கும் அவரே பொறுப்பு.

இப்பணியின் வரலாற்றைப் புரட்டினாலும் இந்த இரட்டைக் கடமையையே காண்கிறோம். 1868 டிசம்பரில் இலண்டன் பாராளுமன்றத்தின் அருகே உலகின் முதல் சிக்னல் விளக்கு நிறுவப்பட்டது. அது வாயுவால் எரிந்தது. அடுத்த சனவரியிலேயே வெடித்து, இயக்கிக்கொண்டிருந்த காவலரைக் காயப்படுத்தியது. நியூயார்க் நகரம் 1903இல் ஏற்றுக்கொண்ட சாலை விதிகளை வகுத்த வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ என்பவர், தம் வாழ்நாளில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஓட்டத் தெரியாதவர் ஓட்டுவோருக்கு விதி வகுத்தார் என்று நகைப்போர் உண்டு. ஒருவேளை, ஓட்டுபவர் இருக்கையில் அமராதிருந்ததே சாலையை முழுமையாகக் காண அவருக்குத் துணை செய்திருக்கலாம்.

இத்துறையின் தலைவர்களுள் நாம் நினைத்துப் பார்க்க வேண்டியவர் ஹென்றி பார்ன்ஸ். ஃபிளிண்ட், டென்வர், பால்டிமோர் ஆகிய நகரங்களில் போக்குவரத்துப் பொறுப்பை வகித்து, 1962இல் நியூயார்க் நகரின் போக்குவரத்து ஆணையரானார். டென்வரில் பணியாற்றியபோது, சந்திப்பின் எல்லாப் பக்கங்களிலும் வாகனங்களை ஒருசேர நிறுத்தி, நடப்போர் நேராகவும் மூலைவிட்டமாகவும் விருப்பம்போல் கடக்கும் முறையை அவர் நடைமுறைப்படுத்தினார். இம்முறையை அவருக்கு முன்பே வேறு சில நகரங்கள் முயன்றிருந்தன. எனினும் பரப்பியவர் அவரே. மக்கள் மகிழ்ச்சியில் தெருவிலேயே நடனமாடுகிறார்கள் என்று ஒரு செய்தியாளர் எழுத, அம்முறைக்குப் ‘பார்ன்ஸ் நடனம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதே பார்ன்ஸ்தான் 1966 சனவரியில் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவையும் மேடிசன் அவென்யூவையும் ஒருவழிச் சாலைகளாக மாற்றி, வாகனங்கள் விரைந்து செல்ல வழிவகுத்தவர். எல்லாக் கார்களையும் நிறுத்தி நடப்போருக்கு வழிவிட்டதும் அவரே. கார்களின் விரைவைக் கூட்டியதும் அவரே. முரண்பாடு என்று இதனைச் சொல்வதற்கில்லை. அந்தப் பதவியின் இயல்பே அது. 1968 செப்டம்பரில், பதவியில் இருக்கும்போதே மாரடைப்பால் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 61.

1980 ஏப்ரலில் நியூயார்க்கின் சுரங்க இரயில், பேருந்துத் தொழிலாளர்கள் 11 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது போக்குவரத்துத் துறையின் பொறியாளராயிருந்த சாமுவேல் சுவார்ட்சும் அவர்தம் தோழர்களும், நான்கு சந்திப்புகளையும் கார்கள் அடைத்துக்கொண்டு ஒன்றும் அசையாது போகும் நிலையைக் குறிக்கப் பயன்படுத்திய ‘கிரிட்லாக்’ என்னும் சொல் செய்தித்தாள்கள் வழியே நாடெங்கும் பரவியது. அந்நிலை ஏன் நேருகிறது? தமக்குரிய பச்சை முடியப்போகிறது என்று தெரிந்தும், அப்பால் இடமில்லை என்று கண்டும், ஒருவர் சந்திப்பின் நடுவே வண்டியை நுழைத்துவிடுகிறார். அவருக்குக் கிடைப்பது சில அடி தூரம். பிறருடைய பச்சை முழுவதும் அதனால் பாழாகிறது. நம் குற்றங்கள் பலவும் இவ்வாறு சில அடி தூரத்திற்காகச் செய்யப்படுபவையே அல்லவா?

நியூயார்க்கில் இன்று விளக்குகள் பொருத்தப்பட்ட சந்திப்புகள் 13,000க்கு மேல் உள்ளன. அவற்றைக் கண்காணிக்கும் நிலையமும் குயின்ஸ் பகுதியிலேயே உள்ளது. 2003 ஆகஸ்டு 14 அன்று மாலை, வடகிழக்கு அமெரிக்காவெங்கும் மின்சாரம் தடைபட்டபோது, அந்நகரத்தின் விளக்குகள் அனைத்தும் அணைந்தன. அன்று பல சந்திப்புகளில் சாதாரணக் குடிமக்கள் தாமாகவே நடுவில் இறங்கி நின்று, கையசைத்து, வாகனங்களுக்கும் நடப்போருக்கும் மாறிமாறி வழிவிட்டார்கள். ஓய்வுபெற்ற நம் அன்பர் இதனைக் குறிப்பிட்டு, “கையால் பங்கிடுபவருக்கு எதிரே வருகின்றவரின் முகம் தெரியும். அறையில் அமர்ந்து பங்கிடுபவருக்கு எண்தான் தெரியும். அந்த எண்ணுக்குள் முகத்தைப் பார்ப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்” என்றார்.

அவர் தலைமை வகித்த காலத்தில் ஒரு சந்திப்பைப் பற்றி முதியவர் ஒருவர் மீண்டும் மீண்டும் கடிதம் எழுதினாராம். வேண்டியது ஐந்து நொடி. இருமுறை அலுவலகம் முறைப்படி மறுத்துவிட்டது, கணக்கு இடந்தரவில்லை. மூன்றாம் கடிதம் வந்தபோது இவரே நேரில் சென்று, கையில் கடிகாரத்துடன் அம்முதியவரோடு சாலையைக் கடந்தார். விளக்கு மாறியபோது இருவரும் கடைசித் தடத்தின் நடுவில் இருந்தார்கள். மறுவாரம் ஐந்து நொடி கூட்டப்பட்டது. அதற்குப் பின் பேருந்துகள் தாமதமாவதாகப் புகார்கள் வந்தன. அவை பொய்யான புகார்களும் அல்ல. “நான் செய்தது சரி என்று எப்படி அறிந்தீர்கள்?” என்று நாம் வினவியபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “பேருந்தில் இருந்தவர் இழந்தது ஐந்து நொடி. அந்த ஐந்து நொடி இல்லாவிட்டால் அவர் இழக்கக்கூடியது ஐந்து நொடி அல்ல. இரண்டு பக்கமும் ஒரே அளவுகோல் இருந்தால் கூட்டிக் கழிக்கலாம். இங்கே ஒரு பக்கம் நேரம், மறுபக்கம் ஆள்.”

வாசகர்களே, பங்கீட்டு நீதியைப் பற்றி நாம் கேட்ட விரிவுரைகளுள் இதனினும் தெளிவானது அரிது. பெரும்பான்மையோரின் சிறு இழப்புகளை எல்லாம் கூட்டினால் பெருந்தொகை வரும் என்பது உண்மை. ஆனால் அத்தொகையைச் சுமப்பவர் எவரும் இல்லை. ஒவ்வொருவரும் ஐந்து நொடியை மட்டுமே சுமக்கிறார். மறுபுறத்தில் முழு இழப்பையும் ஒருவரே சுமக்கிறார். மந்தமாக நடப்பவரின் கணக்கைத் தனியே பார்க்க வேண்டியதன் காரணம் இரக்கம் மட்டும் அன்று. அதுவே சரியான கணக்கு.

குயின்ஸ் பொலிவார்டிலும் இக்கணக்கு மெல்ல மெல்ல மாறியது. மணிக்கு 35 மைலாக இருந்த வேக வரம்பு 2001இல் 30 ஆகவும், 2014இல் 25 ஆகவும் குறைக்கப்பட்டது. கடப்போருக்கான நேரம் கூட்டப்பட்டது. 2015 முதல் நடுத்திட்டுகள் அகலமாக்கப்பட்டு, மிதிவண்டிகளுக்குத் தடம் ஒதுக்கப்பட்டது. நாம் அங்கிருந்த 2016இல், இம்மாற்றங்களால் தங்கள் கடைகளுக்கு வருவோர் குறைவார்கள் என்றும், கார் நிறுத்த இடமில்லை என்றும் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. பகுதி மன்றமொன்று மிதிவண்டித் தடத்திற்கு எதிராகவே வாக்களித்தது. நகரத் தலைவர் பணியைத் தொடருமாறு ஆணையிட்டார். 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அச்சாலையில் பாதசாரி ஒருவரும் இறக்கவில்லை. அதன்பின் மரணமே நேரவில்லை என்று கூறுவதற்கில்லை. ஆனால் 1997இன் நிலை திரும்பி வரவில்லை. நகரத்தின் ஆயிரக்கணக்கான சந்திப்புகளில், கார்களுக்குப் பச்சை எரிவதற்குச் சில நொடிகள் முன்னதாகவே நடப்போருக்கு வழி திறக்கும் முறையும் வந்துவிட்டது. திரும்பும் ஓட்டுநரின் கண்ணில் நடப்பவர் முதலில் படுவதற்காக அளிக்கப்படும் முந்துரிமை அது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். நியூயார்க் சந்திப்புகளில், கடக்க விரும்புவோர் அழுத்துவதற்கென்று பொத்தான்கள் உண்டு. அப்போது எஞ்சியிருந்த ஏறத்தாழ 3,250 பொத்தான்களுள் 2,500க்கு மேற்பட்டவை நெடுநாளாகவே வேலை செய்யவில்லை என்பது 2004இல் வெளியே தெரிந்தது. மக்கள் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். பொத்தானோ எதனோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லை. கேட்போரை ஏமாற்றும் செயல் என்று இதனைக் கண்டிக்கலாம். ஆனால் காரணத்தை ஆராய்ந்தால் மற்றொரு பொருளும் புலப்படுகிறது. விளக்குகள் கணினியின் ஆளுகைக்கு வந்தபின், அச்சந்திப்புகளில் ஒவ்வொரு சுற்றிலும் நடப்போருக்குரிய நேரம் தானாகவே வந்துவிடுகிறது. அழுத்தினாலும் வரும், அழுத்தாவிட்டாலும் வரும். ஒருவருக்கு உரிமையாக வேண்டியதை அவர் கேட்கும்வரை காத்திராமல் கொடுத்துவிடுவதே உயர்ந்த முறை. பிச்சை கேட்டுப் பெறப்படும். பங்கு கேளாமலே வந்து சேர வேண்டும்.

ஊர் திரும்பும் முன் அம்மூதாட்டியிடம் விடைபெற்றபோது, புதிய திட்டு எப்படியிருக்கிறது என்று விசாரித்தோம். “இன்னும் எனக்கு இரண்டு பச்சைதான், ஃபாதர். வயது ஏறுகிறதே! ஆனால் இப்போது நிற்பதற்கு இடம் இருக்கிறது” என்றார். முழு நீதியும் அவருக்குக் கிடைத்துவிட்டது என்று நாம் எழுத இயலாது. நிற்க இடம் கிடைத்தது. அதுவும் யாரோ ஒருவர் வாதாடிப் பெற்றுத் தந்ததே.

இப்பணியைச் செய்வோருக்கு நன்றி கூறுவோர் குறைவு. சாலையில் ஒருவர் மாண்டால் அவர் பெயர் செய்தித்தாளில் வரும். துறைத் தலைவர் பதில் சொல்ல வேண்டும். சாகாமல் வீடு சேர்ந்தவர், தாம் அன்று சாக இருந்தோம் என்பதையே அறியமாட்டார். அவர் எப்படி நன்றி சொல்வார்? காப்பாற்றப்பட்டோரின் பெயர்ப் பட்டியல் எந்த அலுவலகத்திலும் இல்லை. தம்மால் வாழ்பவர் யார் என்பது தமக்கும் தெரியாமல், அவருக்கும் தெரியாமல், நொடிகளை எண்ணிப் பங்கிட்டுக்கொண்டே இருப்பதற்கு ஒருவகை நம்பிக்கை வேண்டும். அடுத்தமுறை பச்சை எரிந்து, நமக்கு முன்னே செல்லும் முதியவர் ஒருவர் அக்கரை சேரும்வரை அது எரிந்துகொண்டே இருக்குமாயின், அது தற்செயல் அன்று; முகம் அறியாத ஒருவர் அந்த நடையை எண்ணிப் பார்த்திருக்கிறார்.